வேலி வரைக்கும் வந்த பழுப்பு

அன்று காலை பங்களாப் புல்வெளியில் நின்றவர்கள் மூன்று பேர்: மேனேஜர், நான், என் அப்பா. அம்மா இல்லை; மேல்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவும் இல்லை. அவள் மேல்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம் என்பதை மேனேஜர் போன பிறகே அப்பா எனக்குச் சொன்னார்.

மார்கழி. எங்கள் பக்கம் பின்னேர மழை ஓய்ந்து பனி பிடிக்கிற மாதம். ஆற்றிலிருந்து கிளம்புகிற மூட்டம் ரப்பர் மரங்களுக்கிடையில் ஏறி வந்து பங்களா வாசலில் படுத்துக்கொள்ளும். வெயில் நன்றாக ஏறும் வரைக்கும் எழுந்து போகாது. ஒரு காலத்தில் பெரிய தொரை இருந்த பங்களா அது. இப்போது ஹோட்டல். கித்துல்கலையில் படகு விட வருகிறவர்கள் இரண்டு நாள், மூன்று நாள் தங்கிப் போவார்கள். கீழ்ச்சரிவில் மண் கொட்டி மட்டப்படுத்தி, மலேசியன் புல் பதித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் புல்லுக்குப் பொறுப்பு நான். உயர்தரத்தில் விவசாயம் படித்து, பிறகு தோட்ட வேலைக்கு ஒரு பயிற்சியும் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அப்பா கையெழுத்துப் போடுவார், அம்மா விரல் வைப்பாள். புத்தகம் படித்து வேலைக்கு வந்தது நான்தான் முதல்.

நோய் முதலில் கீழ் மூலையில் நின்ற கித்துள் மரத்துக்கு நேரே ஒரு வட்டமாகத்தான் வந்தது. முறத்தைக் கவிழ்த்து வைத்த அளவு. உள்ளே புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்தது. விளிம்பில் மட்டும் ஒரு செம்மஞ்சள் கோடு. விடியும் நேரத்தில் குனிந்து பார்த்தால் ஈரத்தோடு ஈரமாக நூலாம்படை போல ஒன்று தெரியும். தாளைப் பிடித்து இழுத்தால் அடி அழுகிக் கையோடு வந்துவிடும். இதுவரைக்கும் நான் படித்ததுதான். படிக்காதது, அந்த வட்டத்திலிருந்து வேலிப் பக்கமாகப் புறப்பட்ட சின்னப் பழுப்புகள். உள்ளங்கை அகலத்தில் ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மறுபடி கொஞ்சம் தள்ளி ஒன்று. நோய் இப்படி வரிசை பிடித்துப் போவதை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"மல்லி, இது ஹோல்மன் நடந்த மாதிரி இருக்கே," என்று மேனேஜர் சிரித்தார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி, ஹோல்மன் என்றால் பேய்.

"பேய் இல்ல சேர். பங்கசு, பூஞ்சண நோய். பனிக்கு வாறது."

"என்னவா இருந்தா என்ன? மார்ச் மாசம் கல்யாணம் ஒண்டு இருக்கு. பச்சப் புல்லு போட்டோ காட்டித்தான் புக்கிங் எடுத்தது. அதுக்குள்ள பச்ச வரல்லன்னா பெக்கோ கொண்டுவந்து தோண்டிப்போட்டு இன்டர்லொக் கல்லு போடுவேன். கல்லுக்குப் பங்கசு வராது தானே?"

தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு, "ஐயா, எப்பிடி?" என்று அப்பாவையும் கேட்டார். ரப்பர் பால் வெட்டிவிட்டு, அது சிரட்டையில் வடிகிற இடைநேரத்தில் எனக்கு மணல் மூட்டை இறக்க வந்திருந்தார் அப்பா. "சரிங்க சேர்," என்றார். மேனேஜர் படியேறி உள்ளே போகும் வரைக்கும் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டுவாங்க?"

"கல்லுக்கு அடியில மெட்டல் சல்லி போடணும்ப்பா. ஒன்றரை அடி, ரெண்டு அடி போகும். ஏன்?"

மூட்டையை இறக்கினார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழுப்பு வட்டத்தைப் பார்க்காமல் கித்துள் மரத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒங்க அக்கா இங்கனதான் தம்பி இருக்கா."

எனக்கு முன்னே ஒரு பெண் பிறந்து காய்ச்சலில் போனது தெரியும். சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாளாம், நடக்கவில்லை. கைக்குழந்தைகளை எரிக்க மாட்டார்கள். மயானத்துக்கும் கொண்டுபோகாமல் இந்தச் சரிவில்தான் புதைப்பார்கள். புல்வெளிக்காக மட்டப்படுத்திய நாளில் அப்பாவும் அந்த வேலையில் நின்றிருக்கிறார்.

"மேல மண்ணு கொட்டத்தான் செஞ்சாங்க. தோண்டல. நான் பாத்துக்கிட்டே நின்னேன்," என்றார். "இப்ப தோண்டுனா வந்துருமே."

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டா என்னப்பா?"

"என்னன்னு சொல்லுவ? புள்ள பொதச்ச எடம்னா? கல்யாணத்துக்கு எவன் வருவான்? நாளைக்கே பெக்கோ வந்து நிக்கும். ஒனக்கும் வேலை இருக்காது." துண்டை மறுபடி கட்டிக்கொண்டார். "புல்லக் கொண்டாந்துரு தம்பி. படிச்சிருக்கல்ல."

பால் சேர்க்க நேரமாகிவிட்டது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றே தொடங்கினேன். பின்னேரத்தில் தண்ணீர் தெளிக்கிற குழாயை முதலில் மூடினேன். அந்தியில் நனைகிற புல் இரவெல்லாம் ஈரமாகக் கிடக்கும். இந்த நோய்க்கு வேண்டியது அதுதான். காலை வெயிலை மறைத்த கிளைகளை வெட்டினேன். நோய் பட்ட இடத்தில் ஓடிய புல்வெட்டும் மெஷினைக் கழுவாமல் நல்ல இடத்தில் ஓட்ட விடவில்லை. புல்லைக் கொஞ்சம் உயரமாகவே விட்டு, காய்ந்த பிறகே வெட்டி, வெட்டியதை அள்ளிக் கொட்டினேன். யூரியா போட்டால் சட்டென்று பச்சை காட்டும் என்று ஹோட்டல் சமையல்காரர் சொன்னார். பனி காலத்தில் அது நோய்க்குத்தான் சோறு. போடவில்லை.

மருந்து வாங்க யட்டியாந்தோட்டைக்குப் போனேன். கடைக்கார நானா கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"என்ன மகன், புல்லுக்கு மருந்தா? சாகடிக்கத்தானே?"

"இல்ல நானா, பொழைக்க வைக்க."

"நாப்பது வருசமா இந்தக் கடையில புல்லச் சாகடிக்கத்தான் மருந்து விக்கிறன். பொழைக்க வைக்கக் கேட்ட மொத ஆள் நீங்கதான்." உள்ளே போய்த் தேடிக்கொண்டே பேசினார். "ஒரு மாட்டக் கட்டி உட்டா நோயும் முடிஞ்சிரும், புல்லும் முடிஞ்சிரும். செலவும் இல்ல."

மருந்தைவிடப் பெரிய வேலை பனியைத் தட்டுவது. விடிந்ததும் இலையில் நிற்கிற துளியை உதிர்த்துவிட்டால் புல் சீக்கிரம் காயும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா வெட்டுக்குப் போவதற்கு முன்னே வந்து தேங்காய்நார்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடிப்பார். மறு முனை எனக்கு. மேல் விளிம்பிலிருந்து கீழ் வரைக்கும் கயிற்றைப் புல்லின் மேலே இழுத்துக்கொண்டு நடப்போம். கயிறு போன பக்கம் பச்சை, போகாத பக்கம் வெள்ளை. கித்துள் மரத்துக்கு நேரே வரும்போது மட்டும் அப்பா மெல்லச் சொல்வார்.

"இந்த எடத்துல கொஞ்சம் தூக்கிப் புடி."

அங்கேதான் பனி அதிகமாகத் தட்டப்பட வேண்டும். ஆனாலும் தூக்கிப் பிடிப்பேன். கயிறு காற்றில் அந்த வட்டத்தைத் தாண்டும். பிறகு அவர் மண்டி போட்டுத் தன் தலைத்துண்டால் அந்த இடத்தை ஒற்றி ஒற்றித் துடைப்பார்.

இவ்வளவும் செய்து மேல்பக்கப் புல் தெளிந்தது. கீழ் மூலை தெளியவில்லை. பெரிய வட்டம் விரிந்துகொண்டே போனது. சின்னப் பழுப்புகள் வேலியை நோக்கி நீண்டன. குழாயை மூடிய பிறகும் அந்த மூலை மட்டும் மற்ற இடத்தைவிட ஈரமாகக் கிடந்தது. சில தாள்களில் இலேசான மஞ்சள் ஒட்டியிருந்தது. மருந்தின் நிறம் என்று நினைத்தேன்.

நாங்கள் குடியிருக்கிற லயத்தில் அதற்குள் கதை பரவிவிட்டது. பங்களாவில் கூட்டிப் பெருக்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்ப் பீலியடியில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு அத்தை என்னை மறித்தாள்.

"என்ன மருமகனே, ஒங்க அக்கா வேலி வரைக்கும் வந்துட்டாளாமே? நீயி படிச்சதெல்லாம் அவகிட்ட பலிக்கலயோ?"

"அது பங்கசு அத்த."

"ஆமா, பங்கசு. பங்கசுக்குக் காலு மொளச்சு வீட்டப் பாத்து நடந்து வருது!" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நடக்கத் தெரியாமப் போன புள்ள. இப்பத்தான் பழகுது. நீ மருந்து கிருந்து அடிச்சு அத வெரட்டிப்புடாத, சாமி."

பின்னால் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தேன். சில நாட்களாக அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். யாரோ வரப்போகிறார்கள் என்று வீட்டைக் கழுவி வைத்தவள் முகம்.

அடுத்த நாள் பின்னேரம், கீழ் மூலைக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க, அந்தூரியப் பூ வளர்க்கிற கொட்டிலுக்குப் பின்னால் நின்றேன். கொழுந்து நிறுத்து முடிகிற நேரம். செவ்வரத்தை வேலியின் இடைவெளியில் அம்மா வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குகூட அவிழ்க்கவில்லை. கையில் செம்பு. வேலிக்கு வெளியே ஓடுகிற தண்ணீர்க் கானில் இரண்டு காலையும் நன்றாகக் கழுவினாள், கோயிலுக்குள் போகிறவள் போல. ஈரக் காலோடு புல்லில் நடந்து போய், கித்துள் மரத்துக்கு நேரே குந்தி, செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை வட்டத்தின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பிறகு அழுகிய புல்லை மிதித்த அதே காலால் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

நோய் எப்படி வரிசை பிடித்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதில் சந்தோசம் இல்லை.

முன்னே போய் நின்றேன். அம்மா திடுக்கிடவில்லை.

"அவ நம்மள விட்டுப் போன மாசம்ல இது," என்றாள். "வருசா வருசம் ஊத்துறதுதான். முந்தி மண்ணா கெடந்துச்சு, இப்ப புல்லு."

"ஊத்தாதம்மா. அந்தியில நனைஞ்சா விடிய விடிய காயாது. அதுலதான் நோய் ஓடுது."

"மஞ்சத் தண்ணிதானே? மஞ்சளுக்குக் கிருமி சாகும்னு நீதான் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து சொன்ன."

"காயத்துல போட்டா சரிம்மா. இது புல்லு. தண்ணியே ஆகாது."

அவள் செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் சொல்வதற்குத் தயங்கினேன். ஆனால் பெக்கோவைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

"அம்மா, இதெல்லாம் அவ அடி இல்ல. ஒன் காலு. அழுகுனத மிதிச்சிட்டு ஈரக் காலோட நடக்குற. நீ கால் வச்ச எடத்துல எல்லாம் ஒட்டிக்குது."

வட்டத்துக்குத் திரும்பிப் போனாள். அங்கிருந்து வேலியைப் பார்த்து நடந்தாள். ஒவ்வொரு பழுப்பிலும் ஒவ்வொரு காலாக வைத்தாள். எல்லாம் சரியாக விழுந்தது. நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வேலி கிட்ட வந்தது. அங்கே பழுப்புகள் நெருங்கிக் கிடந்தன. அவற்றில் கால் வைக்க அம்மா எட்டைக் குறைக்க வேண்டியிருந்தது. குறைத்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் குனிந்து, நடக்கப் பழகும் குழந்தையைக் கையில் பிடித்துக் கூட்டி வருகிறவள் போல வந்தாள். கடைசிப் பழுப்பில் நின்றாள்.

"பாத்தியா தம்பி," என்றாள். "இது என் நடையா?"

வேலி நிழலில் ஈரம் அதிகம், அங்கே நோய் நெருக்கமாகத்தான் விழும். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வெளிச்சத்தில் அவளுடைய ஒரு கை மட்டும், குழந்தையின் கையைப் பிடித்த மாதிரியே, கீழே தாழ்ந்திருந்தது. பெக்கோவைப் பற்றி மட்டும் சொன்னேன். பச்சை வராவிட்டால் தோண்டுவார்கள் என்று சொன்னேன்.

அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தோண்டி எங்க கொட்டுவாங்க?"

"தெரியாதும்மா. ரோட்டுப் பக்கம் எங்கயாச்சும்."

நெடுநேரம் புல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் எப்ப வரலாம்?"

வராதே என்று சொல்லத்தான் இருந்தேன். அவள் கேட்ட விதத்தில் அதைச் சொல்ல முடியவில்லை. உச்சி வெயிலில், புல் காய்ந்த பிறகு, தண்ணீர் இல்லாமல், காய்ந்த காலோடு வரலாம் என்றேன். அந்த நேரம் ஹோட்டலில் தங்குகிறவர்கள் படகு விடப் போயிருப்பார்கள். போகும்போது வேலியில் காலைத் துணியால் துடைத்துவிட்டுப் போக வேண்டும்.

"பகல்ல மலைய விட்டு வந்தா அரைப்பேர்தான் போடுவாங்க," என்றாள். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். எழுந்து சேலையைத் தட்டினாள். "போடட்டும்."

அதன் பிறகு பகலில் வந்தாள். எல்லா நாளும் இல்லை. ஆனால் கிழமையில் பல நாள். கங்காணி, "என்னக்கா, பங்களாவுல தெனமும் விருந்தா?" என்று கேட்டு அரைப்பேரைக் குறித்துக்கொள்வான். அம்மா ஒரு செவ்வரத்தைப் பூவோடு வந்து வட்டத்தின் ஓரத்தில் உட்காருவாள். நான் பக்கத்திலேயே தோட்டம் கிளறும் இரும்பு முள்ளால் மண்ணைக் குத்திக் காற்றுக்கு வழிவிட்டு, ஓட்டைகளில் ஆற்று மணலைத் தூவித் தள்ளிக்கொண்டிருப்பேன். அந்த இடத்துக்குக் கிட்டே மட்டும் ஆழமாகக் குத்த மாட்டேன். விரலால்தான் கிளறுவேன். மார்கழி முடிந்து தை பிறந்த பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் அவள் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. என்னிடம் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

"வேலிகிட்டயே நில்லு. தாண்டாத. அங்கிட்டு கான் இருக்கு, விழுந்துருவ."

அவள் வேலியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து மணலைத் தள்ளினேன்.

தையில் வெயில் உறைத்தது. பழுப்பின் விளிம்பிலிருந்த செம்மஞ்சள் கோடு முதலில் மறைந்தது. செத்த தாள்களை மெல்ல வாரி எடுத்தேன். சுற்றியிருந்த நல்ல புல்லிலிருந்து கொடிகள் வெறும் மண்ணில் கணு வைத்து ஊர்ந்தன. வேலிப் பக்கத்துச் சின்னப் பழுப்புகள்தான் முதலில் மூடின. வேலியை ஒட்டியிருந்தது, பிறகு அதற்கு உள்ளே இருந்தது, பிறகு அதற்கும் உள்ளே. புதிதாக ஒட்டிய இடத்தில் வேர் சாகவில்லை, அதனால் சீக்கிரம் எழும்பும். எனக்கு அது தெரிந்ததுதான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

"திரும்பிப் போறா," என்றாள் அம்மா.

நான் செத்த தாள்களைக் கூடையில் போட்டேன்.

"அவளாப் போகல. நீ அனுப்புற." கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பச்சை பிடித்த இடத்தை விரலால் நீவினாள். "அனுப்பத்தான் வேணும். வந்தா எங்க வச்சுக்கிறது. தோண்டிப்புடுவாங்களே."

வட்டம் கடைசியாக மூடியது. மூடிய அன்று காலையும் அப்பாவும் நானும் கயிறு இழுத்தோம். அந்த இடம் வந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே தூக்கிப் பிடித்தேன். தலைத்துண்டால் அவர் துடைத்தபோது கை வைத்த இடம் எது, மற்ற புல் எது என்று பிரித்துத் தெரியவில்லை. மண்டியிட்ட இடத்திலிருந்து எழும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கல்யாணம் நடந்தது. வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகளைப் புல்வெளி முழுக்க அடுக்கியிருந்தார்கள். படம் எடுக்கிறவன் வெளிச்சம் பார்த்துக் கித்துள் மரத்துக்கு நேரே போய்ப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கேதான் நிறுத்தினான். நான் கொட்டிலுக்குப் பின்னால் நின்றேன். மேனேஜர் வந்து தோளில் தட்டி ஒரு கேக் துண்டைக் கையில் தந்தார்.

"சபாஷ் மல்லி. இன்டர்லொக் கன்செல். ஹோல்மனும் போயிட்டார்."

"போயிட்டாங்க சேர்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டில் அம்மா கேக்கைத் தொடவில்லை.

"அங்கன யாராச்சும் நின்னாங்களா?"

"பொண்ணு மாப்ள நின்னு படம் புடிச்சாங்க."

"நல்லா மிதிச்சாங்களா?"

"புல்லு தாங்கும்மா."

"புல்லக் கேக்கல," என்றாள்.

இப்போது எந்தப் பழுப்பும் இல்லை. ஆனாலும் பனி பிடித்த காலைகளில் கயிற்றை எடுத்துக்கொண்டு போகும்போது முதலில் வேலிப் பக்கம்தான் பார்க்கிறேன். வெள்ளை கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கலையாமல் இருந்தால் நிம்மதி வருகிறது. பிறகு அந்த நிம்மதி எனக்குப் பிடிக்காமல் போய்விடுகிறது.

மருந்தும் மணலும் ஹோட்டல் கணக்கு. எங்களுக்குப் போனது அம்மாவின் அரைப்பேர்களும், முழு வருகைக்குத் தருகிற வரவுப் பணத்தில் நாள் குறைந்ததற்காக வெட்டியதும்தான். மாசிச் சம்பளம் எடுத்த அன்று அப்பா என்னைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். "எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சுக்கணும் தம்பி, ஒங்க அக்காவுக்குன்னு நாம செலவழிச்சதே இல்ல." கூட்டிச் சொன்னேன்: பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.